பிந்திய ரோகிணி

கடல் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். மாப்பிள்ளைக்கு வயது அறுபது. பெண்ணுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பெண் வேறு யாருமில்லை, என் தங்கை பேச்சியம்மாள்.

கொழும்பில் இருக்கிற எங்கள் ஜனங்கள் அறுபது வயது நிறைந்தால் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்து, பாயசம் வைத்து முடித்துக்கொள்வார்கள். மதுரைப் பக்கம் அப்படி விடமாட்டார்கள். பந்தல் போட்டு, மேளம் வைத்து, இரண்டு பேரையும் மனையில் உட்கார்த்தி, பிறந்த வருஷமும் மாதமும் நட்சத்திரமும் திரும்பி வருகிற அன்றைக்குப் புருஷன் மறுபடியும் பெண்டாட்டி கழுத்தில் தாலி கட்ட வேண்டும். பெற்ற பிள்ளைகள் நின்று அட்சதை போடுவார்கள்.

எனக்கு அந்தத் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் பேச்சியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். அவளுக்கு முதல் கல்யாணம் நடந்தபோது நான் கொழும்பில் நிறைமாதம். அப்போதெல்லாம் தூத்துக்குடிக் கப்பல்தான். நிறைமாதக்காரியைக் கப்பல் ஏற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை. முகூர்த்த வேளைக்குக் கொல்லையில் ஈரிப்பலா மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். இந்நேரம் மேளம் கொட்டுவார்கள், இந்நேரம் கட்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கல்யாணத்தை மனசுக்குள் எத்தனையோ தடவை நடத்திப் பார்த்திருக்கிறேன். வாழைமரம் எந்தப் பக்கம், அவள் என்ன நிறத்துச் சேலை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தாலி கட்டுகிற இடம் வந்தால் மட்டும் படம் கலைந்துவிடும். பார்க்காததை எவ்வளவுதான் நினைக்க முடியும்?

ஊரிலிருந்து கொழும்புக்குத் திரும்பிய ஒருவர், "ஐப்பசி ரோகிணியில கல்யாணம், அக்காளும் மச்சானும் அவசியம் வந்துரணுமாம்" என்று பேச்சி சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குப் புறக்கோட்டையில் ஜவுளிக்கடை. என் வீட்டுக்காரர் அன்று சாயந்தரமே பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஐப்பசி பிறந்த கையோடு ரோகிணி வந்தது. தீபாவளி வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். முகூர்த்தத்தன்று காலையில் மதுரையில் இறங்கினால் போதும் என்று கணக்குப் போட்டார்.

கப்பலில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரு மாதிரி மயக்கமாகவே இருந்தது. இறங்கி ரயிலில் உட்கார்ந்த பிறகும் கால் தரையில் பாவவில்லை. பனைமரங்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, தண்ணீர்தான் பனைமரங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறதா என்று தெரியவில்லை. வழியில் எல்லாம் மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் பாதி ஊர்கள் போய்விட்டன.

வண்டிக்குள்ளேயே மறைவில் பட்டுச் சேலை மாற்றிக்கொண்டேன். மானாமதுரையில் ஒரு அம்மாள் கூடையோடு ஏறி என் எதிரில் உட்கார்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டாள். தங்கச்சிக்கு என்றேன்.

"தங்கச்சிக்கா? ஒங்க தங்கச்சிக்கா?"

தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எம்புட்டு வருசமாத் தள்ளிப் போச்சோ பாவம். இப்பவாச்சும் சாமி கண்ணத் தொறந்துச்சே" என்றாள். அறுபதாம் கல்யாணம் என்று விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேற்று ஆட்கள் முன்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதற்குள் அவள் பக்கத்துப் பெட்டிப் பெண்கள் வரைக்கும் சேதியைச் சொல்லிவிட்டாள். ஒரு கிழவி எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை நல்ல குணமா என்று விசாரித்தாள். நல்ல குணம்தான் என்றேன். மதுரையில் இறங்கும்போது அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி என் மடியில் வைத்தாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

ரயில் தாமதம். மதுரை பனிமூட்டத்துக்குள் இருந்தது. கோபுரங்கள் அடி தெரியாமல் மேல்பாதி மட்டும் மிதந்தன. அதைப் பார்க்கக்கூட விடாமல் என்னை ஜட்காவில் ஏற்றினார். பாலத்தைச் சுற்றிப் போனால் நேரமாகும், ஆரப்பாளையத்தில் ஆற்றில் இறங்கிவிடலாம் என்று வண்டிக்காரர் சொன்னார். அவசரக்காரருக்கு இது போதாதா? நடு ஆற்றில் ஈர மணலில் சக்கரம் புதைந்தது. குதிரை நின்று யோசனை செய்தது. என் வீட்டுக்காரர் ஜரிகை வேட்டியைத் தொடைவரை தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிச் சக்கரத்தைப் பிடித்தார். "அண்ணே, குருதய வையாதீக, அது ரோசக்காரி, படுத்துரும்" என்றார் வண்டிக்காரர். காலைச் சுற்றித் தண்ணீர் பளபளவென்று ஓடியது. தூரத்தில் எங்கோ நாதஸ்வரம் கேட்டது. பேச்சி வீட்டு மேளம்தான் என்று நினைத்தேன். முடிந்துபோகப் போகிறது, இந்தத் தடவையும் முடிந்துபோகப் போகிறது என்று வண்டிக்குள் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தேன்.

பேச்சி வாழ்க்கைப்பட்ட விளாங்குடிக்குப் போய்ச் சேர்ந்தால் வாசலில் பந்தல் இல்லை. வாழைமரம் இல்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் பட்டுச் சேலையும் பழச் சீப்புமாக நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டிப்பிடிக்க ஓடிவந்தவள், இரண்டு கையும் சாணியாக இருக்கவே பாதியில் நின்றுவிட்டாள். கையைத் தூக்கிக்கொண்டே அழுதாள். பிறகு சிரித்தாள்.

"எந்த ரோகிணிக்குக்கா வந்திருக்க?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. ஐப்பசியில் ரோகிணி இரண்டு தடவை வந்திருந்தது. மாதம் பிறந்தவுடன் ஒன்று, முடியப்போகிற நேரத்தில் ஒன்று. ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு வந்தால் பிறந்தநாளுக்குப் பிந்தியதைத்தான் எடுப்பார்கள். இது பஞ்சாங்கம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் தீபாவளிக்கு முந்தி ஒரு ரோகிணியைக் கண்டதும் அவர் அதற்கு மேல் பக்கத்தைப் புரட்டவில்லை.

தங்கை வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பி நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "சகலை, எனக்கு இன்னும் அம்பத்தொம்பதுதான். கொழும்புக்காரவுக வந்து நிக்கிறீகன்னு அவசரப்பட்டுக் கெழவனாக முடியுமா?" என்றார். என் வீட்டுக்காரர் அச்சடித்தவனைக் குறை சொன்னார், எழுத்து பொடி என்றார், கடைசியில் கால் கழுவப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும். கொழும்பில் எதற்கெடுத்தாலும் தேங்காய், குழம்பெல்லாம் வெள்ளை. இங்கே மிளகாயும் புளியும் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன. கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டேன். அழுவதற்கும் அது வசதியாக இருந்தது. ஏனென்றால் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: வந்தது வந்தாயிற்று, நாலு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு இந்த வாரமே திரும்பிவிடலாம், தீபாவளிக்குக் கடையைப் போட்டுவிட்டு இருக்க முடியாது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. வருஷத்து வியாபாரமே அந்தப் பத்து நாளில்தான். பேச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

சாயந்தரம் கண்மாய்க் கரைக்குப் போனோம், அக்காளும் தங்கையுமாக. மேற்கே நாகமலை நீளமாகப் படுத்திருந்தது. தண்ணீருக்குள் இன்னொரு மலை தலைகீழாகப் படுத்திருந்தது. கொக்குகள் இரண்டு மலைக்கும் நடுவில் பறந்தன. எனக்கு இன்னும் கப்பல் ஆட்டம் நிற்கவில்லை. கரையே மெல்ல அசைந்ததுபோல் இருந்தது. அவள் கல்யாணத்தை நான் பார்த்து வைத்திருந்த விதத்தைச் சொன்னேன். பெரிய பந்தல், இரண்டு பக்கமும் குலை வாழை, அவள் அரக்குச் சேலையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பது.

பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "பந்தலா? விடியக்காலம் காத்தும் மழையும் அடிச்சு அது மொத்தமாச் சரிஞ்சு போச்சுக்கா. மாட்டுக் கொட்டத்தக் கூட்டி விட்டு அங்கனதான் தாலி கட்டுனாரு. நான் எங்கிட்டுக் குனிஞ்ச தல? கன்னுக்குட்டி சேலையத் திங்குதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இத்தனை வருஷமாக நான் வேறு யாருடைய கல்யாணத்தையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரிப்பலா மரத்தடியில் நின்றபோது கொழும்பில் வெயில். இங்கே கன்றுக்குட்டி அவள் சேலையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு எனக்குக் கொழும்புக்குத் திரும்பவே பிடிக்கவில்லை. ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆன நாள் முதல் அவர் கிளம்பினால் நானும் கிளம்புவேன். அதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம்.

மறுநாள் மதுரைக்குள் போனோம். எங்கள் பக்கத்துக் கடை ராவுத்தர் தன் வீட்டில் கொடுக்கச் சொல்லி ஒரு சாமான் மூட்டை கொடுத்திருந்தார். திண்டுக்கல் ரோட்டில் மோட்டார் பஸ் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, நின்றது. கிளீனர் முன்னால் இரும்புக் கம்பியை நுழைத்துச் சுற்றினான். பஸ் இருமிவிட்டு அடங்கியது. "ஆம்பளயெல்லாம் கொஞ்சம் எறங்குங்கண்ணே, பொம்பளயாளுக அப்படியே இருங்க" என்றார் டிரைவர். என் வீட்டுக்காரர் மறுபடியும் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். கொழும்பில் டிராம் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து போகிற மனிதர். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சேற்றில் தள்ளிக்கொண்டே பக்கத்தில் தள்ளுகிறவரிடம், கொழும்பு பஸ்ஸெல்லாம் தானே ஓடும் என்று பெருமை பேசிக்கொண்டு வந்தார். "அப்ப எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம் வந்து இதத் தள்ளுறீக?" என்று அந்த ஆள் கேட்டார். பஸ் கிளம்பிவிட்டது. எல்லோரும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள்.

ராவுத்தர் வீடு பழைய ஊருக்குள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் இருந்தது. ஆண்கள் முன்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். என்னை உள்ளே அழைத்துப்போனவர் ராவுத்தர் மனைவி கதீஜா பீவி. என் வயதுதான் இருக்கும். முக்காட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே மூட்டையைப் பிரித்தார். ஏலக்காயும் மாசிக்கருவாடும். மாசியை எடுத்து முகத்தருகில் வைத்து மோந்து பார்த்தார்.

"அவுக வரையில பொட்டியத் தொறந்தா இந்த வாசந்தான் முதல்ல வீட்டுக்குள்ள வரும்" என்றார்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார். கொழும்பை விட்டு வந்த பிறகு தேங்காய்ப்பாலைக் கண்டது அங்கேதான். அந்த இருட்டான உள்கட்டில், மேலே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. எங்கிருந்தோ தறிச் சத்தம் கேட்டது. எனக்கு அது எந்த ஊர், எந்தக் காலம் என்றே மறந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, முன்பின் பழகாத அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் கல்யாணம், கன்றுக்குட்டி, இரண்டு ரோகிணி, கடை.

அவர் முழுக்கக் கேட்டார். "ஒங்க வீட்டுல அவுககிட்ட, நான் இருந்து பாத்துட்டு வாரேன்னு சொன்னீகளா?"

இல்லை என்றேன். அவருக்கே தெரியாதா என்றேன்.

"தெரியாதுக்கா. என் மூணு மகளுக நிக்காவையும் நான் தனியா நின்னு முடிச்சேன். எங்க ஆளு ஒண்ணுக்கும் வரல. வருசக்கணக்கா என்னைய விட்டுட்டுப் போயிப் போயி அவுகளுக்குப் பழகிப் போச்சு. ஒங்க ஆளுக்கு அந்தப் பழக்கம் இல்ல, அம்புட்டுதான். பழக்கி விடுங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க மனசுக்குள் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். நான் இருந்து பார்த்துட்டு வாரேன். வயல்களில் தண்ணீர் நின்றது. மாடுகள் முகம் பார்த்துக்கொண்டு நின்றன. வில்லு வண்டி ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்து, ஒரு வரப்பில் திரும்பி, மூட்டத்துக்குள் கரைந்துபோனது.

எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் புருஷனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. அன்று சாப்பாடு பரிமாறும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவருக்குக் கேட்கும்படி தங்கையிடம் சொன்னேன்.

"பேச்சி, நான் ஒன் கல்யாணம் முடிஞ்சப்பறம்தான் கப்பல் ஏறுவேன்னு சொல்லிரு."

ரசம் இலைக்கு வெளியே போயிற்று. அவர் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்புட்டு நாளும் அங்க எனக்கு யாரு சோறு பொங்குவான்னு கேளு பேச்சி" என்றார்.

"ராவுத்தர் கடையில மூணு பேரு பொங்கித் திங்கிறாக. அதுல ஒரு பிடி கூடப் போட்டா ஆச்சுன்னு சொல்லு."

"திரும்பி எப்பிடி வருவான்னு கேளு. ஒத்தப் பொம்பளையாவா கப்பல் ஏறுவா?"

நான் பழகிவந்த வாக்கியம் அதோடு முடிந்திருந்தது. பேச்சிதான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுத்தாப்புல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்னையத் தவால்காரியா ஆக்கிட்டீகளே. கூட்டிட்டுப் போக நீங்கதான் மச்சான் வரணும். தீவாளி முடிஞ்சா கடையில ஈதான ஓட்டப் போறீக?" என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் இலையில் குனிந்தபடியே, "ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு தடவ வந்த ஆளு இந்தச் சில்லாவுலயே நீங்கதான் சகலை" என்றார்.

என் வீட்டுக்காரர் மோர்ச் சோறு வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவி வந்து, வெற்றிலையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "வெந்நியில குளிக்கச் சொல்லு. இங்க தண்ணி ஆவாது அவளுக்கு" என்றார். அதுதான் சம்மதம்.

அவரை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதுபோலவும், ஏதோ சாமானை எங்கோ மறந்து வைத்துவிட்டதுபோலவும் இருந்தது. அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் வந்த நாட்களைக் கோத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மழை பெய்தது. விட்டது. மறுபடியும் பெய்தது. கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, நெல் நாற்று பச்சை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொழும்பில் மழை அடித்தால் ரோட்டில் ஓடிக் கடலுக்குப் போய்விடும். இங்கே மழையை வீட்டு விருந்தாளிபோல நிறுத்தி வைத்துக்கொள்கிறார்கள். தீபாவளி வந்தது. விடியற்காலையில் பேச்சி தலையில் எண்ணெய் வைத்தேன். அவள் அறுபதை நெருங்குகிறவள் என்பது கைக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை. வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மகள் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். வீடு நிறைந்தது. எல்லோரும் என்னைக் கொழும்புப் பெரியம்மா என்றார்கள். சில பேர் என்னைச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவார்கள். அது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார்கள். பார்க்கப் போனோம். குதிரை நின்று யோசித்த மணல் எங்கே என்றே தெரியவில்லை. இக்கரைக்கும் அக்கரைக்கும் மண் நிறத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு வைக்கோல்போர் கலையாமல், அதன்மேல் ஒரு சேவல் நின்றபடி, ராஜாபோல மிதந்து போயிற்று. கரையில் நின்ற ஜனங்கள் அதைக் கும்பிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வர வேண்டிய என் வீட்டுக்காரர் வரவில்லை. கப்பலா, ரயிலா, ஆறா, எது நிறுத்தியதோ தெரியவில்லை. மறுநாள் காலையில், பாலத்தைச் சுற்றி வந்த ஒரு கட்டை வண்டியின் கோணி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, குடையும் தலைப்பாகையுமாக இறங்கினார். என்னைப் பார்த்து, "மெலிஞ்சிட்ட" என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

இந்தத் தடவை பந்தல் சரியவில்லை. வாழை இரண்டு பக்கமும் குலையோடு நின்றது. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாசித்தார்கள். கலசத்துத் தண்ணீரை ஊற்றி இரண்டு பேரையும் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, மனையில் உட்கார்த்தினார்கள். நான் அதுவரைக்கும் முன்னால்தான் இருந்தேன். அப்போது யாரோ என்னைக் காட்டி, இவுகதான் பொண்ணுக்கு அக்கா, கொழும்புலருந்து வந்து இதுக்காகவே தங்கியிருக்காக என்று சொன்னார்கள். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. எனக்குக் காது சூடேறிவிட்டது. சந்தனம் போதுமா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்விட்டேன்.

சந்தனம் நிறைய இருந்தது. கிண்ணத்தை இங்கே எடுத்து அங்கே வைத்தேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்று இருந்தேன். அதற்குள் நாதஸ்வரம் மாறியது. தவில்காரர் கையைத் தூக்கிவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஐயர் பெரிய குரலில் எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

வாசலுக்கு ஓடிவந்தேன். பந்தல் முழுக்க முதுகுகள். எல்லோரும் அட்சதைக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு நேர் முன்னால் ஒரு பெரிய முதுகு, மேலே தலைப்பாகை. இந்தப் பக்கம் எட்டினால் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் எட்டினால் அந்தப் பக்கம் சாய்ந்தது. அது என் வீட்டுக்காரர். அவரும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எக்கிக்கொண்டிருந்தார். ஜனங்கள் நடுவில் அவரைத் தொடவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. கடல் தாண்டி வந்தேன், ஆள் இல்லாமல் தங்கினேன், இப்போது பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியவில்லை.

மேளம் ஓங்கி அடித்து, ஏனோ தயங்கியது. உள்ளே ஏதோ பேச்சு. ஐயர், மாலையையும் கொண்டையையும் யாராவது பின்னாலிருந்து தூக்கிப் பிடியுங்கள், மாப்பிள்ளைக்குக் கழுத்துத் தெரியவில்லை என்று சொல்வது கேட்டது. மாப்பிள்ளையின் அக்காள் மகள் முன்னால் போனாள் போலிருக்கிறது. பேச்சியின் குரல் கேட்டது.

"நீ இரு ஆத்தா. எங்கக்கா வரட்டும்."

"முகூர்த்தம் போயிரும்மா" என்றார் ஐயர்.

"போகாது. எங்கக்கா எங்கயும் போகல, இங்கனதான் எவன் முதுகுக்குப் பின்னாடியாச்சும் நிப்பா."

ஜனங்கள் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு முன்னால் இருந்த முதுகும் திரும்பியது. அவர் என்னைப் பார்த்தார். ஒதுங்கி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன வழியில் நான் நடந்தேன். அத்தனை கண்ணும் என்மேல்தான் இருந்தன. கால் பாவாமல், மறுபடியும் கப்பலில் நடப்பதுபோலத்தான் இருந்தது. கையில் சந்தனம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பேச்சிக்குப் பின்னால் மண்டியிட்டேன். மாலையைத் தூக்கினேன். பூவோடு சேர்த்துக் கொண்டையைத் தூக்கிப் பிடித்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கழுத்து தெரிந்தது. பழைய கயிறு கிடந்து கிடந்து ஒரு கோடு வெளுத்திருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன சுருக்கங்கள், அதில் மஞ்சள். தங்கை வீட்டுக்காரர் புதுக் கயிற்றை முன்னாலிருந்து கொண்டுவந்தார். மண்வெட்டி பிடித்த பெரிய விரல்கள். முடிச்சுப் பிடிபடவில்லை. "மதினி, கொஞ்சம் மேல தூக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். தூக்கினேன். ஒரு முடிச்சு விழுந்தது. அவர் அக்காள் மகளின் கை வந்து மற்ற இரண்டு முடிச்சையும் போட்டது. மேளம் இடித்துக்கொண்டு கொட்டியது. நாலு பக்கமும் அரிசி பறந்து, அவள் தலையிலும் என் தலையிலும் விழுந்தது.

"பாத்தியாக்கா?" என்றாள் பேச்சி, திரும்பாமல்.

கொண்டையைப் பிடித்தபடியே இருந்தேன். மேளம் அடங்கியது, ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஐயர்தான் குனிந்து, "இனிமே விடலாம்மா, கட்டியாச்சு" என்றார்.